மழைக்கு வாங்கின பூங்கன்றுகள், வெயிலுக்கு எழுதுகிற விமர்சனம்

போன ஐப்பசியில், மழை தொடங்கின கிழமை, ரவுணுக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிற ஒரு பூங்கன்றுக் கடையில் ஏழு கன்று வாங்கினேன். அன்றைக்கே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் போட்டிருப்பேன். வாசலில் இருந்து உள்ளே வரைக்கும் பச்சை, இலையெல்லாம் கழுவித் துடைத்த மாதிரி. அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் லைற் போஸ்ற்றை நட்டாலும் தளிர்க்கும் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

இப்போது வைகாசி. சித்திரை வருசத்தை ஒட்டிச் சூரியன் தலைக்கு நேரே வந்து போய்விட்டது, சோளகக் காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. கன்று எப்படி, கடை எப்படி என்று இனித்தான் சொல்லலாம். கடையின் பெயரை எழுத மாட்டேன். குறையும் சொல்லப் போகிறேன், அங்கே நிற்கிற தம்பி நல்ல பிள்ளை, அவனுக்கு ஏன் வில்லங்கம்.

எங்கள் வளவு கோண்டாவில் பக்கம். செம்பாட்டு மண், கிணற்றுத் தண்ணி. குடிக்க ருசியான தண்ணிதான், ஆனால் கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தால் சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி இருக்கும். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், வேறு எப்படி இருக்கும்? இதைக் கடையில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. என் முதல் முறைப்பாடு அதுதான்.

வாங்கினது: ரோசா மூன்று (ஒன்று 650 ரூபா), அடுக்குமல்லிகை இரண்டு (ஒன்று 250), எக்சோறா, அதாவது வெட்சி, ஒன்று (300), கடதாசிப்பூ ஒன்று (500). மொத்தம் 3250. ஓட்டோக்காசு வேறு.

ரோசாவில் இருந்து தொடங்குகிறேன், காசு போனது அதில்தான். கடை வாசலிலேயே நிரையாக அடுக்கி வைத்திருந்தார்கள். “அன்ரி, மலைநாட்டில இருந்து வந்தது, எத்தினை மொட்டு எண்டு எண்ணிப் பாருங்கோ” என்றான் தம்பி. எண்ணினேன், ஒன்றில் எட்டு. கார்த்திகை முழுக்கப் பூத்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டி விலை கேட்டா. தையில் மழை விட்டதும் கிணற்றுத் தண்ணி ஊற்றத் தொடங்கினேன். மாசியில் புதுத் தளிர் மஞ்சளாக வந்தது, நரம்பு மட்டும் பச்சை. பங்குனியில் ஒன்று நுனியில் இருந்து கறுத்துக்கொண்டு வந்து செத்தது.

கிண்டிப் பார்த்தேன். நட்டபோது பொலித்தீன் பை எந்த வடிவத்தில் இருந்ததோ, ஐந்து மாதத்துக்குப் பிறகும் அதே வடிவத்தில் ஒரு கறுப்பு உருண்டை. தும்புத்தூள். உடைத்தால் உள்ளே காய்ந்த பணியாரம் மாதிரி, ஈரமே இல்லை. சுற்றி இருந்த செம்மண் நல்ல ஈரம். வேர் ஒன்றுகூட வெளியே வரவில்லை, உருண்டையின் விளிம்பில் சுற்றிச் சுற்றி நூற்பந்து மாதிரிக் கிடந்தது. நான் விடியவும் பின்னேரமும் ஊற்றின தண்ணி முழுக்க உருண்டையைச் சுற்றி ஓடி மண்ணுக்குள் போயிருக்கிறது. வேர் இறுகின உருண்டை ஒருக்கால் நன்றாகக் காய்ந்தால் பிறகு லேசில் தண்ணி குடிக்காது. நடுகிறபோது அதை உதிர்த்துவிட்டு வேரை விரித்து நடுங்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இரண்டாவது ரோசா, ஒட்டுக்கு மேலே செத்து, கீழே இருந்து காட்டு முளை விட்டு நிற்கிறது. வஞ்சகமில்லாமல் வளர்கிறது, பூ மட்டும் இல்லை. மூன்றாவது உயிரோடு இருக்கிறது. போன கிழமை ஒரு பூ, அதுவும் ஐம்பது சத நாணயம் அளவில்.

மல்லிகை வேறு கதை. அதைக் கடை வாசலில் வைக்கவே இல்லை. பின்பக்கம், தண்ணித் தாங்கிக்குக் கீழே, தாங்களே தடி வெட்டி வைத்து வளர்த்த கன்றுகள். பை செம்மண்ணும் மாட்டெருவும். பார்க்க வறுமைப்பட்ட கோலம். “இது பூக்க நாள் எடுக்கும் அன்ரி, மாசியில ஒருக்கா வெட்டிவிடுங்கோ, பயப்பிடாதேங்கோ” என்று அங்கே நின்ற வயசான ஐயா சொன்னார். பயந்து பயந்துதான் வெட்டினேன், முழங்கால் உயரத்துக்கு. என் கணவர் பார்த்துவிட்டு, “காசு குடுத்து வாங்கி மொட்டை அடிக்கிறாய்” என்றார். பங்குனிக் கடைசியில் புதுக் கொப்பு, ஒவ்வொரு நுனியிலும் மும்மூன்றாக மொட்டு. இப்போது ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது.

அன்றைக்குப் பூக்கிற மொட்டைப் பிடிக்கப் பழகிவிட்டேன். முதல் நாள் மொட்டு கொஞ்சம் பச்சை கலந்து, விரலுக்குக் கெட்டியாக இருக்கும். பூக்கிற நாள் மத்தியானம் பால் வெள்ளையாகி, வயிறு ஊதி, தொட்டால் மெத்தென்றிருக்கும். அதை மட்டும் நாலு மணிக்கு ஆய்ந்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால், விளக்கு வைக்கிற நேரம் சாமியறை முழுக்க வாசம். இந்த வெயிலுக்குள் வளவில் நிற்கிறவை எல்லாம் வாடித் தொங்க, இது மட்டும் வெயில் ஏற ஏறப் பூக்கிறது. 250 ரூபாவுக்கு வேறு என்ன வேண்டும்!

எக்சோறாவும் மாசியில் மஞ்சளித்தது. கடைக்குப் போய்க் கேட்க, அயன் குறைபாடு, தெளிக்க ஒரு பக்கெற் தருகிறேன் என்றான் தம்பி. நோய் சரிதான், எங்கள் தண்ணியில் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. பக்கெற்றைத் தெளித்தேன், இரண்டு கிழமை பச்சை, பிறகு பழைய கதை. கடைசியில் சாடிக்கு மாற்றி, மகனின் அறை ஏசிக் குழாயில் வடிகிற தண்ணியை வாளியில் பிடித்து ஊற்றுகிறேன். அதில் சுண்ணாம்பு இல்லை. சித்திரை வருசத்துக்குச் சிவப்பாக இரண்டு கொத்துப் பூத்தது. இந்தக் கெட்டித்தனத்துக்குக் கடைக்குப் புள்ளி கிடையாது, அது எனக்கு.

கடதாசிப்பூ செம்மஞ்சள் என்று சொல்லித் தந்தது, ஊதா பூத்திருக்கிறது. வேலியில் ஏற்கனவே ஊதா இருக்கிறது. ஆனால் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. தண்ணி விட மறந்த இரண்டு கிழமைக்குப் பிறகு இலையே தெரியாமல் பூத்துத் தள்ளுகிறது.

சரி, போகிறவர்களுக்கு. வாசலில் நிற்காமல் நேரே பின்பக்கம் போங்கோ. பூவோடு நிற்கிற கன்றை வாங்காதேங்கோ, நிறம் தெரியவேண்டிய கடதாசிப்பூவைத் தவிர. பையை அமத்திப் பாருங்கோ, செம்மண்ணின் பாரம் கையில் தெரியவேண்டும். தம்பியிடம் கேட்காமல் ஐயாவிடம் கேளுங்கோ, அவர் காலையில்தான் நிற்பார். விலை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் குறைவு. ஐந்துக்கு மூன்று தரலாம், பின்பக்கத்துக்கு மட்டும் என்றால் ஐந்து.

போன சனிக்கிழமை திரும்பவும் போனேன். செத்த ரோசாவைச் சொன்னதும் தம்பி சிரித்துக்கொண்டு, “அது மழைக்குத்தான் அன்ரி நிக்கும்” என்றான். அதை ஐப்பசியில் சொல்லியிருக்கலாமே ராசா என்றேன். உள்ளே போய், பை கிழிந்த ஒரு மல்லிகையைத் தூக்கிக்கொண்டு வந்து, 200 தாங்கோ என்றான். கிணற்றடியில் நட்டிருக்கிறேன்.