அம்மாவின் கண்புரை: ஊர் முகாமா, மதுரையா, சிங்கப்பூரா?

"அம்மாவுக்குக் கண்ணு மசமசன்னு தெரியுதாம்" என்று ஊரிலிருந்து அழைப்பு வந்ததும், இங்கே சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது, சிங்கப்பூருக்கு அழைத்துவந்து நல்ல லேசர் ஆபரேஷனாகச் செய்துவிடலாம் என்பதுதான். ஊர்க் கண் முகாம் மட்டம், நகரத்து மருத்துவமனை பரவாயில்லை, சிங்கப்பூர் உசத்தி என்று மனத்துக்குள் ஒரு வரிசை ஓடுகிறது. கண்புரைக்கு அந்த வரிசை பொருந்தாது. புரை எவ்வளவு முற்றியிருக்கிறது, ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் சொட்டு மருந்தை யார் போடுவார்கள் என்ற இரண்டையும் வைத்துத்தான் இடத்தை முடிவுசெய்ய வேண்டும்.

முதலில் அது புரைதானா என்று பார்க்க வேண்டும். "கண்ணுல சதை வளர்ந்திருக்கு" என்றால் அது வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் ஏறும் சதை. "பூ விழுந்திருக்கு" என்றால் கருவிழித் தழும்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. புரை என்பது கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. சொட்டு மருந்தில் அது கரையாது. நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று கண்ணில் எதை விட்டாலும் கிருமி சேருமே தவிர புரை குறையாது.

ஆபரேஷன் இரண்டு வகை. பேக்கோ எனப்படும் முறையில் கருவிழி ஓரத்தில் 2.2 முதல் 2.8 மி.மீ. துளை போட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே விரிய விடுவார்கள். ஊரில் 'லேசர் ஆபரேஷன்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். லேசருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முகாம் வழியாகப் போகிறவர்களுக்கு அதிகம் செய்வது தையலில்லாத சிறு துளை முறை (பெயர் அப்படி என்றாலும் துளை பேக்கோவைவிடப் பெரியது). வெள்ளை விழியில் 6 முதல் 7 மி.மீ. சுரங்கம் வெட்டி, லென்ஸின் கருவை முழுசாக வெளியே எடுத்து, பெரும்பாலும் மடங்காத லென்ஸை வைப்பார்கள். சுரங்கம் சாய்வாக இருப்பதால் கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடிவிடும், தையல் தேவைப்படாது.

பேக்கோவின் லாபம் தெளிவானது. துளை சிறியது, சீக்கிரம் ஆறும், கருவிழியின் வளைவு அவ்வளவாக மாறாது. சிறு துளை முறையில் 1 முதல் 1.5 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அளவு) வரை சிலிண்டர் பவர் கூடலாம், அதைக் கண்ணாடியில் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆனால் ஊரில் வருகிற புரை பல நேரம் பழுப்பும் கறுப்புமாகக் கல் போல இறுகியது. அதை உடைக்க அல்ட்ராசவுண்டைக் கூட்டினால் கருவிழியின் உட்புற உயிரணுக்கள் சாகும். அவை மறுபடி முளைக்காது. எண்ணிக்கை ரொம்பவும் குறைந்தால் கருவிழி நீர் கோத்து நிரந்தரமாக மங்கிவிடும். நேப்பாளத்தில் முற்றிய புரை உள்ள 108 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து இரு குழுவிலும் 98 விழுக்காட்டினருக்குக் கண்ணாடியோடு நல்ல பார்வை கிடைத்தது. மறுநாள் கருவிழி வீக்கம் பேக்கோ பக்கம்தான் கூடுதல். ஆகவே "முகாம்ல பழைய முறையில செஞ்சுட்டாங்க" என்று வருத்தப்படக் காரணம் இல்லை. அந்தக் கண்ணுக்கு அதுவே பொருத்தமான முறையாக இருந்திருக்கலாம்.

கிராமத்துக் கண்ணுக்கென்று சில தனி அபாயங்கள் உண்டு. வயதும் சர்க்கரையும் எல்லா ஊருக்கும் பொது. அங்கே அவற்றோடு வெயிலில் வயல் வேலை, விறகடுப்புப் புகை, பீடி ஆகியவையும் சேர்கின்றன. முட்டிவலிக்கும் இளைப்புக்கும் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையும் புரையை விரைவுபடுத்தும். ஆபரேஷன் மேசையில் தொல்லை தருபவை வேறு. லென்ஸின் மேல் சாம்பல் தூவியதுபோல் வெள்ளைப் பொருள் படியும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் தென்னிந்தியக் கிராமங்களில் நிறையப் பார்க்கக் கிடைப்பது. அதில் கண்மணி விரியாது, லென்ஸைத் தாங்கும் நார்கள் நைந்திருக்கும். அப்பா சிறுநீர்த் தொல்லைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். கண்மணியைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்திவிடும் மருந்து அது. நிறுத்தினாலும் அதன் விளைவு தங்கும் என்பதால் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். கண்ணீர்ப்பையில் சீழ் இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ஆபரேஷனுக்கு முன் கண்ணோரத்தில் தண்ணீர் பாய்ச்சி, தொண்டைக்கு இறங்குகிறதா என்று கேட்பது இதற்காகத்தான்.

இனி இடம். மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கட்டணம் கட்டுபவருக்கும் கட்ட முடியாதவருக்கும் ஒரே மருத்துவர்கள்தான் செய்கிறார்கள். 1992 முதல் அதன் ஆரோலேப் லென்ஸை உள்ளூரிலேயே தயாரிப்பதால் விலை வெகுவாக இறங்கியது. இறுகிய புரையைத் தினமும் எடுத்துப் பழகிய கை அங்கே கிடைக்கும். முகாமில் ஆளைத் தேர்ந்தெடுத்துப் பேருந்தில் முகாமை நடத்தும் மருத்துவமனைக்கே அழைத்துப்போகிறார்களா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள். பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ தற்காலிகமாக மேசை போட்டு ஆபரேஷன் செய்வதாக இருந்தால் வேண்டாம். கிருமிநீக்கம் அங்கே கைக்குள் அடங்காது.

சிங்கப்பூரில் தேசிய கண் நிலையம் போன்ற இடங்களின் தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அரசு மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வருகை அனுமதியில் வரும் அம்மாவுக்கு ஒரு கண்ணுக்கே சில ஆயிரம் வெள்ளி ஆகும். மறுபக்கம், உங்கள் மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) தமிழ்நாட்டு மருத்துவமனையில் செல்லாது. பணத்தைவிடப் பெரிய சிக்கல் நாள்கணக்கு. தங்க அனுமதி பொதுவாக 30 நாள். முதல் கண் ஆறி இரண்டாவது கண்ணைச் செய்து அதற்கும் மறுபார்வை முடிப்பதற்குள் அது தீர்ந்துவிடும். பாதியில் ஊருக்குப் போனால், அங்குள்ள மருத்துவர் தான் செய்யாத கண்ணை முதல்முறை பார்ப்பார். அம்மா நீண்டகால அனுமதியில் உங்களோடு வசிப்பவர், புரையும் இளசு என்றால் இங்கேயே செய்யலாம். இல்லையென்றால் ஊர்ப்பக்கத்து நல்ல மருத்துவமனைதான் எங்கள் தேர்வு. விமானச் சீட்டுக்கு ஆகும் பணத்தில் நீங்கள் இரண்டு வாரம் விடுப்பெடுத்து அங்கே போய் உடனிருக்கலாம்.

"புரை பழுக்கட்டும்" என்று காத்திருப்பதுதான் நான்காவது வழி, இருப்பதிலேயே மோசமான வழி. முற்றி ஊதும் லென்ஸ் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடும். சிவந்து, தலைவலியும் வாந்தியுமாக வந்தால் சில நாளில் நரம்பே போய்விடலாம். பிறகு புரையை எடுத்தாலும் பார்வை திரும்பாது.

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தால் சர்க்கரை அளவை (அங்கே மி.கி./டெசிலிட்டர், இங்கே மில்லிமோல்/லிட்டர்) 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அங்கே 200 என்பது இங்கே 11.1. வெள்ளையாக முற்றிய புரையில் ஒளிக்கருவியால் கண்ணின் நீளத்தைப் பெரும்பாலும் அளக்க முடியாது, அல்ட்ராசவுண்டால் அளப்பார்கள். அப்போது 1 மி.மீ. பிசகினால் லென்ஸ் பவர் 2.5 டயாப்டருக்கு மேல் மாறிவிடும். இரண்டு கண்ணையும் அளந்து ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். விழித்திரையில் சர்க்கரை பாதிப்பு இருந்தால் தூரம், கிட்டம் இரண்டுக்குமான மல்ட்டிஃபோக்கல் லென்ஸ் வேண்டாம், தூரப்பார்வைக்கு ஒற்றைப் பவர் லென்ஸும் படிக்கக் கண்ணாடியும் போதும்.

கடைசியாகச் சொட்டு மருந்து. பல மருத்துவமனைகளில் ஸ்டீராய்டு சொட்டு முதல் வாரம் நாளுக்கு 6 முறை, அடுத்த வாரம் 5 என்று இறங்கி ஆறாவது வாரம் 1 முறையில் முடியும். பால்போல் வெள்ளையாக இருக்கும் மருந்தை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து அடியில் தங்கி மேலே தெளிந்த நீர்தான் விழும். கீழிமையை இழுத்து, புட்டி முனை இமைமுடியில் படாமல் ஒரு சொட்டு. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. தலைக்குக் குளிப்பதையும் கதிரடிக்கும் களத்தையும் மருத்துவர் சரி என்னும்வரை தள்ளிப்போடுங்கள். நெல் சுணை பட்டால் பூஞ்சைப் புண் வரலாம். முதல் வாரத்தில் வலி கூடி, சிவந்து, தெரிந்த பார்வை மங்கினால் மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. அன்றே வண்டி பிடிக்க வேண்டும்.

அந்த அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள்: ஒரு கண்ணுக்கு 147 சொட்டு. 5 மி.லி. புட்டியில் ஏறக்குறைய 100 சொட்டுதான் இருக்கும். நான்காம் வாரம் வீடியோ அழைப்பில் புட்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதல் புட்டியே இன்னும் பாதி இருந்தால், அம்மா "போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொன்னாலும், பக்கத்து வீட்டுப் பெண்ணையோ ஊர்ச் செவிலியரையோ அன்று முதல் போட்டுவிடச் சொல்ல வேண்டும்.