பிங் சர்வரோடு நின்றால் மோடத்தை மாற்றாதீர்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு கொட்டேஷனை அனுப்பி, "இது நியாயமா பாருங்க" என்றார். வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் தனி வழி) போட்டால் ஆபீஸ் சர்வர் வரைக்கும் போகிறதாம், அதற்குப் பின்னால் இருக்கும் எந்தக் கணினியும் தெரிவதில்லையாம். அதற்காகப் புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள். படித்ததும் எனக்கு 2000-ல் ஈரோட்டில் நான் ஏமாந்தது ஞாபகம் வந்துவிட்டது. அதே வியாதி, அதே மருந்துச் சீட்டு.

அப்போது எங்களிடம் ஒரு லினக்ஸ் சர்வரும், போன் லைன் வழியாகக் கணினிகளை இணைக்கும் இரண்டு மோடமும் இருந்தன. கரூர் கிளையிலிருந்து டயல் செய்து ஸ்டாக் கணக்கைப் பார்க்க வேண்டும். யூனிக்ஸ் கரைத்துக் குடித்தவர் என்று பெயரெடுத்த ஒரு சர்வீஸ்காரரிடம் வேலையைக் கொடுத்தோம். மோடம் கீச்சிட்டு இணையும், போன் லைன் மேல் நெட்வொர்க்கை நடத்தும் பிபிபி ஏறும், கிளைக்கு 192.168.1.201 என்று முகவரியும் கிடைக்கும். சர்வரைப் பிங் செய்தால், அதாவது "இருக்கிறாயா" என்று கூப்பிட்டுப் பார்த்தால், பதில் வரும். கணக்கு இருக்கிற கணினியான 192.168.1.10-ஐக் கூப்பிட்டால் மூச்சே இருக்காது. அங்கே எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

"மோடம் சரியில்லை சார்" என்றார். சர்வர் வரைக்கும் பிங் போய்த் திரும்புகிறது என்றால் மோடமும் லைனும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்றுதானே அர்த்தம்? அன்று எனக்கு அது உறைக்கவில்லை. இரண்டு மோடத்தையும் மாற்றினோம், 9,600 ரூபாய். மாட்டிய அன்று ஏதோ தட்டினார், முதல் லைன் வேலை செய்தது. இரண்டாவது லைன் எழவே இல்லை. அதற்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மேல் பழி போட்டார்.

அப்புறம் கரண்ட் போனது. சர்வர் திரும்ப எழுந்ததும் பழைய கதை. வந்தார், திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார், ஒரு வரி தட்டினார், திரையைத் துடைத்தார், 750 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இப்படி நான்கு முறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரின் நிர்வாகக் கணக்கான ரூட்டில் நுழைந்து மேல் அம்பு விசையை அழுத்திப் பார்த்தேன். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ், அவர் தட்டிய எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. ப்ராக் அடைவில் ஐபி_ஃபார்வர்ட் என்ற கோப்பில் 1 என்று எழுதும் ஒரே வரி, அடுத்து திரையைத் துடைக்கும் க்ளியர். திரும்பத் திரும்ப இதுதான். ஒரு பக்கம் வரும் தகவல் பாக்கெட்டை மறுபக்கம் கடத்தலாமா என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லும் இடம் அது. நாம் சொல்லாதவரை 0, அதாவது கடத்தாது. ப்ராக் வட்டில் இருப்பதில்லை, நினைவகத்தில்தான் இருக்கிறது. ரீபூட் ஆனால் மறுபடி 0. அந்த வரியை, சர்வர் எழும்போதெல்லாம் தானாக ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் சேர்த்துவிட்டால் அவருக்கு எங்கள் ஆபீஸில் வேலையே இல்லை.

இரண்டாவது லைனுக்கு, போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டுப் பார்த்தேன். கரூரின் பிங் ஆபீஸ் கணினிகளை இணைக்கும் ஈத்தர்நெட்டுக்கு ஒழுங்காகப் போனது. 192.168.1.10 பதில் சொல்லத் தயாராகி, "192.168.1.202 யார்?" என்று ஏஆர்பியில் (முகவரிக்குரிய கணினியைத் தேடும் முறை) கேட்டுக்கொண்டே இருந்தது. 202 இரண்டாவது லைனில் வரும் கரூர் கணினி; அது இருப்பது போன் லைனுக்கு அந்தப் பக்கம். அது எப்படிப் பதில் சொல்லும்? அதன் சார்பில் சர்வர் "நான்தான்" என்று கை தூக்க வேண்டும். அதற்கு பிபிபி ஆப்ஷன் கோப்பில் ப்ராக்ஸிஏஆர்பி என்ற ஒரு சொல் போதும். முதல் மோடத்தின் கோப்பில் அது இருந்தது, இரண்டாவதில் இல்லை. தட்டினேன், வேலை செய்தது. எக்ஸ்சேஞ்ச்காரர்களை வீணாகத் திட்டியிருக்கிறேன்.

நண்பருக்கும் இதைத்தான் எழுதினேன்: ஐபி_ஃபார்வர்ட், ப்ராக்ஸிஏஆர்பி இந்த இரண்டையும் பார்க்காமல் காசு எடுக்காதீர்கள். யார் சரிசெய்தாலும் உங்கள் முன்னாலேயே சர்வரை ரீபூட் செய்யச் சொல்லி, மறுபடி சர்வரைத் தாண்டிப் பிங் போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அந்த சர்வீஸ்காரர் விஷயம் தெரியாமல்தான் இப்படிச் செய்தாரோ என்று முதலில் நினைத்தேன். அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் இடி மழை; ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த பத்தாவது நிமிடம் போன் அடித்தது. அவரேதான். "சார், லைன் போயிருக்குமே, வரட்டுமா?"