சிங்கப்பூர்ல கம்பெனி ரிஜிஸ்டர் பண்ணிக் குடுக்குற ஏஜென்சி, காரைக்குடில இருந்து ஒரு ரிவ்யூ

மொதல்ல நல்லதச் சொல்லிர்றேன். சிங்கப்பூர்ல கம்பெனி தொடங்குறது வேகம்னு சொல்றாகளே, அது நெசந்தான். கம்பெனி பதிவுக்கு அக்ரான்னு ஒரே கவர்மெண்டு ஆபீஸ், பிஸ்ஃபைல்னு அவுகளோட ஒரே வெப்சைட்டு, பேருக்கு 15 சிங்கப்பூர் டாலர், ரிஜிஸ்டர் பண்ண 300 டாலர், கவர்மெண்டுக்கு அம்புட்டுத்தேன். மூலதனம் 1 டாலர் காட்டுனாலும் போதும். சர்டிபிகேட்டுக்காக யார் வாசல்லயும் நிக்க வேணாம், மெயில்ல யூஇஎன்ங்கிற கம்பெனி பதிவு நம்பரோட வந்துருது.

ஆனா சிங்பாஸ்ங்கிற அந்த ஊரு கவர்மெண்டு ஆன்லைன் லாகின் இல்லாத நம்மள மாதிரி ஆளுக நேரா உள்ள போக முடியாது, அங்க பதிவு பண்ணுன ஏஜென்ட் வழியாத்தான் போகணும். நாங்க கண்டாங்கி சேலை அனுப்புறவுக, சிங்கப்பூர் கம்பெனி பில்லு குடுத்தா இன்னும் நாலு கடை எடுக்கும்னு அங்க இருக்குற மச்சான் சொன்னதுனால ஆன்லைன்ல ஒரு ஏஜென்சியப் பிடிச்சேன். பேரு போட விரும்பல.

டாக்குமெண்ட் வாங்குற வேலைய சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே பண்ணுனாக. அட்ரஸ் புரூஃப் கேட்டாக, எங்களுது பங்காளிக எல்லாருக்கும் பொதுவான பெரிய வீடு, இபி கார்டு இன்னும் எறந்துபோன ஐயா பேர்லதான் இருக்கு, செட்டிநாட்டுல பாதி வீட்டுக் கதை இதான். வீடியோ கால்ல வந்த பொண்ணு பொறுமையாக் கேட்டுட்டு "பரவால்ல சார், பேங்க் ஸ்டேட்மெண்ட்ல உங்க பேரும் இந்த அட்ரஸும் இருக்குல்ல, அத அனுப்புங்க"ன்னு முடிச்சு விட்டுருச்சு. பேரு வைக்கிறதுலயும் அதுதான் உஷார் பண்ணுச்சு, நம்மாளுகளுக்கு பைனான்ஸ்னு ஒண்ண ஒட்டாட்டி தூக்கம் வராது, அங்க அப்படி வச்சா இன்னொரு டிபார்ட்மெண்டுக்குப் போயி 14 நாள்ல இருந்து 2 மாசம் வரைக்கும்கூட இழுக்குமாம். அந்தப் பொண்ணுக்கு மட்டும்னா 5 ஸ்டார்.

இனி கடுப்பு. விளம்பரத்துல இருக்குற ரேட்டு வெறும் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு. சட்டப்படி ஒரு டைரக்டராச்சும் அங்கேயே குடியிருக்கணும், 6 மாசத்துக்குள்ள கம்பெனி செக்ரட்டரி போடணும், அவரும் அந்த ஊர்லயே இருக்கணும், ஆபீஸ் அட்ரஸ் வேணும், போஸ்ட் பாக்ஸ் செல்லாது. அங்க ஆளில்லாதவுகளுக்கு நாமினி டைரக்டர், அதாவது பேருக்கு நிக்கிற உள்ளூர் டைரக்டர, அவுகளே தர்றாக, ஆனா வருஷா வருஷம் காசு, மேல டெபாசிட்டு வேற. இதெல்லாம் பணம் கட்டுற பேஜுக்குப் போனப்புறந்தான் ஒவ்வொண்ணாத் தலைய நீட்டுது. வளவு வீட்டக் கட்டுறது ஒரு தரம், மராமத்து காலம் பூரா, அந்தக் கணக்குத்தான் இது.

வரி விஷயந்தான் ரொம்ப உறுத்துச்சு. 17 சதவீதம், அதுலயும் புதுக் கம்பெனிக்கு மொத 3 வருஷம் மொதல் 1 லட்சம் டாலர் லாபத்துல 75 சதவீதத்துக்கு வரி கெடையாது, அடுத்த 1 லட்சத்துல பாதிக்குக் கெடையாதுன்னு கொட்டை எழுத்துல போட்டுருக்காக. பொய்யில்ல. ஆனா அது சிங்கப்பூர் டாக்ஸ் ரெசிடென்ட் கம்பெனிக்குத்தான், அதாவது கம்பெனிய நடத்துற முடிவெல்லாம் அங்க வச்சு எடுக்கணும், நான் இங்க காரைக்குடி கல்லுக்கட்டில உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் முடிவு பண்ணுனா அந்தச் சலுகை எப்படி வரும்னு கேட்டேன், சுத்தி வளைச்சு ஒரு மெயில் வந்துச்சு, பதில மட்டும் காணோம்.

நம்ம ஊரு ரூல் பத்தி ஏஜென்சி வாயே தெறக்கல. மூலதனம் 1 டாலரா இருந்தாலும் பேங்க் மூலமா ஃபார்ம் எஃப்சிங்கிற வெளிநாட்டு முதலீட்டு ஃபாரத்தக் குடுத்து, அந்த முதலீட்டுக்கு யூஐஎன்ங்கிற ரிசர்வ் பேங்க் அடையாள நம்பர் வாங்கணும், அப்புறம் வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள ஏபிஆர்ங்கிற வருஷ ரிப்போர்ட்டு குடுக்கணும், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்லயும் வெளிநாட்டுச் சொத்துன்னு காட்டணும். எங்க ஆடிட்டர் அண்ணேதான் புட்டுப் புட்டு வச்சாரு. பேங்க் அக்கவுண்டுக்கு "உதவி"ன்னு பேக்கேஜ்ல இருக்கே, அது நாலு லிங்க் அனுப்புறதுதான், கம்பெனி ரெடியாகி ரொம்ப நாள் கழிச்சுத்தான் அக்கவுண்டு வந்துச்சு.

மொத்தத்துல 5க்கு 3. வேலையில சுத்தம், வெலையச் சொல்றதுல சுத்தமில்ல. போறவுக ரெண்டாம் வருஷம் மொத்தம் எம்புட்டு ஆகும்னு எழுத்துல வாங்கிட்டு பணம் கட்டுங்க. சரக்க இங்கேருந்து அனுப்ப மட்டும்னா கம்பெனியே வேணாம், 500 ரூபாய்க்கு ஐஇசிங்கிற ஏற்றுமதி-இறக்குமதி நம்பர் எடுத்தாப் போதும்.

மச்சானுக்கு இப்பத்தான் அங்க நிரந்தரமாத் தங்குற பிஆர் வந்துருக்கு, அவரையே டைரக்டராப் போட்டா நாமினி காசு மிச்சம், டெபாசிட்டும் திரும்ப வரும். அக்காதான் இன்னும் சரின்னு சொல்லல.