தன்னாய்வுப் பயிலரங்கும் அதன் குறிப்பேடும்: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரச் சமூக மன்றம் ஒன்றில் சனிக்கிழமை மாலைகளில் தமிழில் நடைபெற்ற தன்னாய்வுப் பயிலரங்கில் கலந்துகொண்டேன். சூது, மது, கைப்பேசி என எதில் சிக்கியிருந்தாலும், அந்தப் பழக்கத்தைத் தாமே உற்றுநோக்கிப் புரிந்துகொள்ளப் பழக்குவதே அதன் நோக்கம். அறிவுரை கேட்டுச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பயிற்றுநர் ஒருமுறைகூட "விட்டுவிடுங்கள்" என்று சொல்லவில்லை.

பயிலரங்கின் உயிர்நாடி அவர்கள் தரும் குறிப்பேடுதான். நேரம், இடம், உடனிருந்தவர், சற்றுமுன் இருந்த மனநிலை, 0 முதல் 10 வரை உந்துதலின் வேகம், செய்தது என்ன, அரைமணி நேரம் கழித்து எப்படி இருந்தது என ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு கட்டங்கள். 'ஏன்' என்ற கட்டமே கிடையாது. அதைத்தான் மிகவும் மெச்சுகிறேன், ஏனெனில் காரணம் கேட்டால் மனம் உடனே சாக்குத் தேடத் தொடங்கிவிடும்.

4டி என்ற நான்கிலக்கப் பரிசுச்சீட்டின் குலுக்கல் நடக்கும் புதன், சனி, ஞாயிறுகளில் தவறாமல் சீட்டு வாங்கும் அண்ணன் ஒருவர் தம் பக்கங்களைப் படித்துக் காட்டினார். மற்ற வேளைகளில் 3, 4 என்றிருந்த வேகம், வேலை முடிந்து ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் மாலைகளில் மட்டும் 8, 9 என ஏறியிருந்தது. பரிசைவிட, வரிசையில் நிற்கும் பழகிய முகங்களே தம்மை இழுக்கின்றன என்று அவரே சொன்னார்.

உந்துதலோடு மல்லுக்கட்டாமல், அதை உடலில் எங்கே உணர்கிறோம் என்று கவனித்தபடி தணியும்வரை பொறுத்திருக்கும் பயிற்சியும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் வகுத்த முறை அது, நன்றாகவே கற்றுத்தந்தார்கள்.

ஆனால் கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைக்கும் எண்ணச் சுழற்சி நோயையும் இதே குறிப்பேட்டில் அடக்கியதை ஏற்க முடியவில்லை. அத்தகையவருக்கு ஒவ்வொரு எண்ணத்தையும் எழுதிவைப்பதே இன்னொரு சரிபார்ப்பாகிவிடக்கூடும்; அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழக்கும் சிகிச்சையை வல்லுநர் துணையோடு பெறுவதே அவர்களுக்குத் தேவை.

அன்றாடம் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்ற எச்சரிக்கையும் குறிப்பேட்டில் இல்லை. மனநலக் கழகத்தில் இயங்கும் போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு, 1800-6-668-668 என்ற சூதாட்ட உதவி எண், சூதாட்டக் கூடங்களுக்குள் நுழையத் தமக்குத் தாமே தடை விதித்துக்கொள்ளும் வசதி ஆகியவற்றை அடுத்த பதிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிடுமாறு ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன்.