தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூன்று நாள் தியானம், மைக்கில் பிரசங்கம், கடைசியில் தலையில் கை வைத்து ஜெபம் என்று எதிர்பார்த்துச் சாந்திவனத்துக்குப் போனால் ஏமாற்றம்தான். குளித்தலையை ஒட்டிய தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரைத் தோப்புக்குள் இருக்கும் கத்தோலிக்க ஆசிரமம் இது. 1950-ல் மோன்ஷானின், லெ சோ என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியது. 1968-ல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் வந்தபின் வெளிநாடுகளிலும் பெயர் பரவியது.

கோபுரம், மண்டபம், கருவறை என்று நம் ஊர்க் கோயில் அமைப்பிலேயே ஆலயம். திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் நற்கருணைப் பேழை இருட்டான கருவறைக்குள் இருக்கிறது. ஆரத்தி வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். கடவுளைத் தடவியாவது கண்டுகொள்ளலாம், அவர் யாருக்கும் தூரத்தில் இல்லை என்று ஏதென்ஸில் அப்போஸ்தலர் பவுல் பேசியதாக விவிலியம் சொல்வதற்கு நல்ல விளக்கவுரை இந்த இருட்டு.

தினமும் மூன்று வேளை வழிபாடு. விவிலியத்தின் திருப்பாடலோடு உபநிடத வாசகமும் பஜனையும் வரும். காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. இதெல்லாம் நெருடும் என்றால் வீட்டிலேயே யோசித்துவிடுங்கள். அங்கே போய் முகம் சுளிப்பதில் யாருக்கும் லாபமில்லை.

உண்மையான சரக்கு, விடியலிலும் அந்தியிலும் வரும் ஒரு மணி நேர மௌனம். பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான், ஏனென்றால் பக்கத்தில் நின்று வழிநடத்த ஆள் கிடையாது. முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். தரை ஒத்துவராவிட்டால் நாற்காலி போதும். மூச்சை இழுக்கும்போது "ஆண்டவரே இயேசுவே", விடும்போது "என்மேல் இரக்கம் வையும்". கிரிபித்ஸ் தாமே விடாமல் சொல்லிவந்தது இந்த இயேசு ஜெபத்தைத்தான். கால் மணியில் மனம் ஓடிவிடும். இழுத்துப் பிடிக்க வேண்டாம், இயேசுவின் பெயருக்குத் திரும்பினால் போதும். ஏதாவது 'உணர' வேண்டும் என்று காத்திருந்தால் நேரம் நகராது. போனை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஓரிரவுத் தங்கல் வீண். முதல் நாள் முழுக்க வெளிச்சத்தம் காதில் ஓடிக்கொண்டிருக்கும். குறைந்தது மூன்று இரவு வேண்டும். அறைகள் எளிமை, சாப்பாடு சைவம், தரையில் அமர்ந்து கையால் சாப்பிட வேண்டும். கட்டணத்துக்குப் பதில் காணிக்கை. இலவசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருச்சி–கரூர் பஸ்ஸிலோ, குளித்தலை ரயில் நிலையத்தில் இறங்கியோ வரலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டவர் கூட்டம் அதிகம், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சித்திரை வெயிலில் வேண்டாம். அந்தித் தியானத்துக்குக் கொசு வரும், முழுக்கைச் சட்டை எடுத்துப் போங்கள்.