பாராசூட் விரிந்த பிறகாவது இந்தக் கருவி வாயை மூடட்டும்

சர்வீஸுக்குப் போன ஆடிபிள் ஆல்டிமீட்டர் திரும்பி வந்துவிட்டது, ஸ்கைடைவிங்கில் குதிக்கும்போது ஹெல்மெட்டுக்குள் இருந்து உயரத்தைப் பீப் சத்தத்தால் சொல்லும் கருவி அது. பேட்டரி மூடி சரியாகிவிட்டது. ஆனால் நான் போட்டு வைத்திருந்த உயரங்கள் எல்லாம் போய்விட்டன, போதாததற்குக் கருவி மீட்டருக்கு மாறியிருக்கிறது. அரிசோனாவில் யாரும் மீட்டரில் குதிப்பதில்லை. "எல்லாவற்றையும் அழித்துவிட்டோம், பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

இதே வாரம் பார்த்து, ஸ்கைடைவிங்கின் முதல் படியான ஏ லைசென்ஸைப் புதிதாக எடுத்த நண்பன் கேட்கிறான்: "மச்சி, இதை இப்பவே வாங்கலாமா? கேனோபி அலாரம் இருக்கிறதா, இல்லாததா?" கேனோபி என்றால் விரிந்த பாராசூட், அதன் கீழே இறங்கும்போது கத்துவதுதான் அந்த அலாரம். எல்லா உயரத்தையும் மறுபடி உட்கார்ந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. அதனால் அவன் கேள்வி எனக்கும் சேர்ந்ததுதான்.

ஃப்ரீஃபாலை, அதாவது பாராசூட் விரியும் முன் விழுவதை, பொறுத்தவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். 4500 அடியில் முதல் பீப், குழு பிரிய. 3500-ல் இரண்டாவது, பாராசூட்டைத் திறக்க. 2500-ல் சைரன் மாதிரி ஒன்று, அது கேட்கவே கூடாது. மணிக்கு 120 மைல் வேகத்தில் 1000 அடி கரைய ஐந்தரை விநாடிதான். நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டு விழும்போது எதிரே இருப்பவன் முகத்தைப் பார்ப்போமா, மணிக்கட்டில் கட்டிய உயரமானியைப் பார்ப்போமா? அந்த இடத்தில் ஹெல்மெட்டுக்குள் ஒரு குரல் இருப்பது பெரிய நிம்மதி. விமானம் ஏறும்போதும் 1500 அடியில் ஒரு சின்ன சத்தம் வைத்திருந்தேன், சீட் பெல்ட்டைக் கழற்ற. வாங்கும்போது கணக்கிலேயே எடுக்காத வசதி அது, இப்போது அது இல்லாமல் விமானம் ஏறுவதே என்னவோ போல் இருக்கிறது.

ஆனாலும் இது துணைக்குத்தான். சளி பிடித்துக் காது அடைத்திருக்கும் நாளில் கேட்காது. மும்முரமாக ஏதாவது செய்துகொண்டிருந்தால் காதில் விழும், மூளைக்குப் போகாது. பீப் வரவில்லை என்றால் உயரம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏ லைசென்ஸுக்கு 3000 அடிக்குக் கீழே போவதற்குள் திறந்தாக வேண்டும், ஆகவே நண்பா, என்றைக்காவது வாங்கினால் இரண்டாவது பீப்பை 4000-லேயே வை, கையில் கட்டியதையும் கழற்றாதே.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

லேண்டிங் பேட்டர்னுக்கு, அதாவது இறங்கும் பாதைக்கு, எல்லாருக்கும் சொல்லித்தருவது 1000, 600, 300 அடி. ஆயிரத்தில் காற்றோடு போகும் டவுன்விண்ட், அறுநூறில் காற்றுக்குக் குறுக்கே பேஸ், முந்நூறில் காற்றை எதிர்த்துக் கடைசி நேர் இறக்கமான ஃபைனல். இதை அப்படியே மூன்று பீப்பாகப் போட்டுவிடலாம் என்பதுதான் விளம்பரம். போட்டும் விட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு இறக்கமும் பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்ட மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் கருவிக்குத் தெரிந்தது உயரம் மட்டும். நான் எங்கே இருக்கிறேன் என்பது அதற்குத் தெரியாது. காற்று பலமாக இருந்தால் ஃபைனலில் முன்னேற்றம் குறைவு, அதனால் இறங்கும் இடத்துக்குக் கிட்டே வந்துதான் திரும்ப வேண்டும். காற்றே இல்லையென்றால் தள்ளிப் போய்த் திரும்ப வேண்டும். உயரம் அதே 300, இடம் தினமும் வேறு. தவிர, கீழே எனக்கு முன்னால் ஒரு கேனோபி போய்க்கொண்டிருந்தால் அவருக்குத்தான் முன்னுரிமை. பக்கத்தில் ஒருவர் என் உயரத்திலேயே வருகிறாரா என்று தலையைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில்தான் இது கத்தும். கத்தினவுடனே கை தானாக டாகிளை, பாராசூட்டைத் திருப்பும் கைப்பிடியை, இழுக்கப் பார்க்கிறது! அதுதான் எனக்குப் பயம். நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேயே ஆட்கள் சாகிறார்கள் என்றால் பெரும்பாலும் தாழ்வான திருப்பமும் மோதலும்தான் காரணம். இரண்டையும் தவிர்ப்பது கண்தான்.

இன்னொன்று, இது அளப்பது காற்றழுத்தத்தை. ஜூலை மத்தியானம் அரிசோனாவின் ஈலாய் ஊரில் வெயில் கொளுத்தும்போது கருவி 300 என்று சொன்னால் உண்மையில் இருபத்தைந்து முப்பது அடி கூடுதலாக இருக்கும், சூட்டில் காற்று விரிந்துவிடுவதால். அது ஒன்றும் பெரிதில்லைதான். ஆனால் அவ்வளவு துல்லியமாகக் கத்துகிற தோரணை எரிச்சலாக இருக்கிறது.

நியாயமாகப் பேசினால், 1000 அடி பீப் நல்லது. மேலே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பவனை "வரிசைக்கு வா" என்று கூப்பிடும், அங்கிருந்து யோசிக்க நேரமும் இருக்கிறது. 600 பரவாயில்லை. 300-ஐத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. இதைத் தயாரிப்பவர்கள் ஒருமுறையாவது நெரிசலான நாளில், பதினைந்து பேர் ஒரே புல்வெளிக்கு இறங்கும்போது, தங்கள் கருவியைக் காதில் மாட்டிப் பார்த்தார்களா?

இத்தனையும் சொல்லிவிட்டு மீட்டரை அடிக்கு மாற்றினேன், 1000-ஐ மட்டும் ஏற்றினேன், மற்ற இரண்டும் காலி. நண்பனுக்குப் பதில்: இப்போது வாங்காதே. இன்னும் கொஞ்ச நாள் கண்ணால் இறங்கு. என்னுடையதை விலைக்குக் கேட்காதே, இரவல்கூடத் தர மாட்டேன். அது இல்லாமல் சனிக்கிழமை நான் குதிக்கப் போவதில்லை.