பெட்ரூச்சி இசை நூலகம்: பேச்சுக்கு நடுவே திறந்திருக்கும் அலமாரி

பியானோ இசையமைப்பாளர் ஷோபானின் 28ஆம் எண் படைப்பில் 20ஆவதாக வரும் சி மைனர் பிரெலூட் என்ற சிறு பியானோ படைப்பு மொத்தம் 13 பார்கள், அதாவது தாள அளவில் பிரிக்கப்பட்ட 13 கூறுகள், மட்டுமே கொண்டது. மேற்கத்திய செவ்வியல் இசையில் ஈடுபாடுள்ள நாங்கள் நான்கு நண்பர்கள் அந்தச் சிறிய படைப்பைப் பற்றி ஒரு வாரத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவது பாரின் கடைசி நாதக்கூட்டில் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களில்) வரும் ஈ சுரம் நாச்சுரலா (இயல்பான உயரத்திலா), ஃப்ளாட்டா (அரைப்படி தாழ்த்தியா) என்பதுதான் கேள்வி. நாச்சுரல் என்றால் அந்த இடம் ஒரு கணம் மேஜராக வெளிச்சம் பெறுகிறது. ஃப்ளாட் என்றால் இருள் அப்படியே தொடர்கிறது. ஆளுக்கு ஒரு பதிவைச் சான்றாகக் காட்டினோம். பதிவுகள் இரண்டு விதமாகவும் இருந்ததால் பேச்சு அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. எட்டாவது நாளோ என்னவோ, எங்களில் ஒருவர் ஐ.எம்.எஸ்.எல்.பி. என்ற எழுத்துகளால் எல்லோரும் அறிந்த பெட்ரூச்சி இசை நூலகத்தைத் திறந்து, 1839இல் வெளிவந்த முதல் பதிப்பின் பக்கத்தையும் பின்னாளில் வந்த பதிப்புகளின் பக்கங்களையும் அடுத்தடுத்து எங்கள் முன் வைத்தார். எங்கள் உரையாடல் அன்றுதான் உண்மையில் தொடங்கியது. அதற்குப் பிறகு இந்த நூலகம் திறந்திராத நாளில் நாங்கள் இசை பேசியதாக எனக்கு நினைவில்லை. எனவே ஓர் இசைக்கலைஞராக அல்லாமல், அன்றாடம் இசையைப் பற்றிப் பேசுகிற ரசிகராக இருந்து இந்தச் சேவையை மதிப்பிட விரும்புகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமான அறிமுகம். இது பதிப்புரிமைக் காலம் முடிந்த இசைக்குறிப்பு நூல்களை ஒளிவருடி, எவரும் இலவசமாகப் பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் வைத்திருக்கும் இணைய நூலகம். எட்வர்ட் குவோ என்ற இசைக்கல்லூரி மாணவர் 2006 பிப்ரவரியில் இதைத் தொடங்கினார். வெனிஸ் நகரில் 1501ஆம் ஆண்டில் அச்செழுத்துகளைக் கோத்துப் பலகுரல் இசையை முதன்முதலில் நூலாக அச்சிட்ட ஒட்டாவியானோ பெட்ரூச்சியின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. 2007 அக்டோபரில் ஓர் ஐரோப்பியப் பதிப்பகத்தின் சட்ட எச்சரிக்கையை அடுத்து நூலகம் மூடப்பட்டு, 2008 ஜூன் இறுதியில் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த எட்டு மாதங்களில் ரசிகர்கள் எதை இழந்திருந்தார்கள் என்பது இன்று அலமாரியைப் பார்த்தால் விளங்கும். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இசைக்குறிப்புகள் இப்போது அதில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றைத் தன்னார்வலர்களே பதிவேற்றியிருக்கிறார்கள்.

பக்கங்களின் அமைப்பு தெளிவானது. ஒரு படைப்புக்கு ஒரு பக்கம். முழு ஸ்கோர் (எல்லா வாத்தியங்களின் இசையும் ஒன்றாக எழுதப்பட்ட இசைக்குறிப்பு), தனித்தனி வாத்தியங்களுக்கான பிரிவுகள், வேறு வாத்தியங்களுக்கு மாற்றி எழுதப்பட்டவை, சில சமயம் ஒலிப்பதிவுகள் என எல்லாம் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. கீழே படைப்பின் சுருதி, பகுதிகளின் பெயர்கள், இயற்றிய ஆண்டு, முதன்முதலில் அச்சான ஆண்டு, யாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது என்ற விவரங்கள் இருக்கின்றன. பேச்சின் நடுவே தேவைப்படும் விவரங்கள் பெரும்பாலும் இவைதான் என்பதால் இந்தக் கீழ்ப்பகுதியை நாங்கள் ஸ்கோருக்கு இணையாகப் பயன்படுத்துகிறோம். உறுப்பினர் கட்டணம் செலுத்தாதவர்கள் கோப்பு வருவதற்குச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

இனி என் மதிப்பீட்டின் மையத்துக்கு வருகிறேன். ஒரே படைப்புக்கு ஒரு பதிப்பை மட்டும் தராமல், கையெழுத்துப் பிரதி, முதல் அச்சு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்களின் திருத்தங்கள் ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கித் தருவதே இந்த நூலகத்தின் பெரும் சிறப்பு. முதன்முறை நுழைபவர் தவறிவிழக்கூடிய குழியும் அதுவேதான். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் விசைப்பலகை வாத்தியத்துக்கு எழுதிய சமன்செய்யப்பட்ட சுருதிக் கிளாவியர் தொகுப்பின் முதல் பிரெலூடை எடுத்துக்கொள்வோம். பியானோ கற்கும் எவரும் ஒருநாள் வந்து சேரும் அந்த சி மேஜர் படைப்பில் 35 பார்கள் உள்ளன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ ஆசிரியர் கார்ல் செர்னியின் பெயரில் உலகெங்கும் பரவிய பதிப்பில் 36 இருக்கும். 22ஆவது பாரின் அடிச்சுரம் எஃப் ஷார்ப் (அரைப்படி உயர்த்திய எஃப்). 23ஆவதில் அது ஏ ஃப்ளாட். இந்தத் தாவல் யாரோ ஒருவருடைய காதுக்குப் பிழையாகப் பட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஜி என்ற அடிச்சுரத்தின் மேல் புதிதாக ஒரு பார் நுழைக்கப்பட்டுவிட்டது. ஷ்வெங்கே என்பவரின் பெயரால் இது ஷ்வெங்கே பார் என்று வழங்கப்படுகிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ 'அவே மரியா' என்று புகழ்பெற்ற தன் மெட்டை இந்தப் பிரெலூடின் மேல் அமைத்தபோது அவர் முன்னிருந்ததும் அந்தக் கூடுதல் பார் கொண்ட வடிவமே.

எங்கள் நண்பர் ஒருவர் இளமையிலிருந்து 36 பார்களாகவே இதை வாசித்து வந்தவர். நூலகத்தில் இருக்கும் 1722ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியையும், பாக் சங்கம் 1851 முதல் 1899 வரை வெளியிட்ட முழுத்தொகுப்பில் இந்தப் படைப்பு இடம்பெறும் பகுதியையும் அவருக்குக் காட்டியபோது, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்தக் கூடுதல் பார் இல்லாமல் மெதுவாக வாசித்துக் காட்டினார். எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்கு இசை நேரடியாக அடியெடுத்து வைக்கும் அந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை ஆண்டுகள் அந்தத் தாவலின் மேல் யாரோ ஒரு பலகையைப் போட்டு மூடி வைத்திருந்ததுபோல் இருந்தது. இப்படி ஒரு கணத்தைத் தந்த சேவையை எத்தனை புகழ்ந்தாலும் தகும். ஆயினும் அதே பக்கத்தில் செர்னியின் பதிப்பும் எந்த எச்சரிக்கையும் கண்ணில் படும்படி இல்லாமல் சரிசமமாக நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலில் கைக்கு வந்ததை இறக்கிக்கொள்பவர், பாக் எழுதாத ஒரு பாரையும், பாக் எழுதாத ஏராளமான ஒலியளவுக் குறிகளையும் பாகுடையவை என்றே நம்பிவிடக்கூடும். பதிப்பாசிரியர் யார், ஆண்டு என்ன என்ற இரண்டு வரிகளைப் படிக்காமல் இங்கே எதையும் இறக்கக் கூடாது என்பதை நாங்கள் எங்களுக்குள் ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம்.

முதல் பதிப்பு என்பதனாலேயே அது சரியானது என்று முடிவுகட்டுவதும் தவறுதான். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி 1809இல் அச்சானபோது மூன்றாம் பகுதியில் இரண்டு பார்கள் மிகையாக இடம்பெற்றுவிட்டன. மறு ஆண்டே பீத்தோவன் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி அவற்றை நீக்கச் சொன்னார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1846இல்தான் அந்தக் கடிதம் இசையுலகின் கவனத்துக்கு வந்தது. பழைய அச்சுப் பிரதியைத் திறந்து, இசையமைப்பாளரே வேண்டாம் என்று சொன்ன அந்த இரண்டு பார்களை விரலால் தொட்டுக் காட்டி நண்பரோடு பேசுவதில் எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டு. ஷோபானின் ஈ சுரத்துக்கும் இதுபோன்ற ஒரு கதை இருக்கிறது: முதல் அச்சில் ஃப்ளாட் குறி இல்லை, அவருடைய மாணவி ஒருவர் வைத்திருந்த பிரதியில் அது பிற்பாடு பென்சிலால் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்களில் இருவர் இன்னமும் நாச்சுரலையே விரும்புகிறார்கள். ஆனால் இப்போது அவர்கள் எதை அறிந்து, எதை விட்டுக்கொடுத்து அதை விரும்புகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பதிவுகளை ஒப்பிடும் பேச்சில் இந்த நூலகம் தரும் துணையை ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். ஷூபர்ட் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1828 செப்டம்பரில் முடித்த பி ஃப்ளாட் மேஜர் சொனாட்டாவின் முதல் பகுதியில், தொடக்கப் பிரிவை மறுபடி வாசிக்கச் சொல்லும் ரிப்பீட் குறி இருக்கிறது. அதை மதித்து வாசித்தால் அந்தப் பகுதி மட்டுமே சுமார் 20 நிமிடம் நீளும் என்பதால் பல பியானோ கலைஞர்கள் விட்டுவிடுகிறார்கள். ஆல்ஃப்ரெட் பிரெண்டல் விடுவதுதான் சரி என்று எழுத்திலேயே வாதிட்டவர். காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு இது நேரத்தைப் பற்றிய தகராறாகவே பட்டது. ஸ்கோரைத் திறந்தபோதுதான், முதல் முறை முடிந்து தொடக்கத்துக்குத் திரும்புவதற்காக ஷூபர்ட் எழுதியுள்ள ஒன்பது பார்களைக் கண்டேன். அந்த இசை படைப்பில் வேறெங்கும் வருவதில்லை. பகுதி முழுவதும் தாழ்ந்த குரலில் தொலைவில் உறுமும் அடிச்சுர ட்ரில் (இரண்டு அடுத்தடுத்த சுரங்கள் விரைவாக மாறி மாறி ஒலிப்பது), இந்த ஒன்பது பார்களில்தான் உச்ச ஒலியில் வெடிக்கிறது. ரிப்பீட்டை விட்டால் அந்த வெடிப்பும் போய்விடும். எந்த அளவுக்கு அதை இழக்கலாம் என்பதைப் பற்றி நண்பர்களோடு மூன்று மாலைகள் பேசினோம். பிரெண்டலின் தரப்பை எடுத்துப் பேசியவர், அந்த ஒன்பது பார்களின் முரட்டுத்தனம் மற்ற இசையின் அமைதியோடு ஒட்டவில்லை என்று பாருக்குப் பார் சுட்டிக்காட்டினார். நான் இன்றும் ரிப்பீட்டின் பக்கம்தான். ஆனால் அவர் சொன்னதை மறந்துவிட்டு அந்த இடத்தைக் கேட்க என்னால் முடிவதில்லை.

இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் நால்வரில் ஒருவருக்குச் சுரங்களின் பெயர்கூடத் தாளில் தெரியாது. அவருக்காகவே ஒருமுறை பாகின் செல்லோ தொகுப்புகளைத் திறந்தோம். பாகின் சொந்தக் கையெழுத்தில் இவை நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி அன்னா மக்தலேனா எடுத்த படியே நமக்குள்ள முக்கியமான ஆதாரம். ஒரே வில்வீச்சில் எத்தனை சுரங்களை இணைக்க வேண்டும் என்று காட்டும் வளைகோடுகள் அந்தப் படியில் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது பல இடங்களில் உறுதியாகச் சொல்ல முடியாதபடி இருக்கிறது. அவர் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு பதிவுகளைக் கேட்டார். பிறகு, ஒருவர் இந்தக் கோட்டை நீளமாக நம்புகிறார், மற்றவர் குட்டையாக நம்புகிறார் என்று சொன்னார். அது முற்றிலும் சரியான கவனிப்பு. வடிவத்தைக் கண்ணால் தொடர்வதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஏறுவதும் இறங்குவதும் அடர்வதும் எவருக்கும் தெரியும். பதிவை ஒலிக்கவிட்டு, பக்கம் திரும்பும் இடத்தை மட்டும் சரியாகப் பிடிக்கப் பழகினால் முதலில் போதும். அதற்கு நால்வாத்தியப் படைப்புகள் நல்ல தொடக்கம். முழு வாத்தியக் குழுவின் ஸ்கோரில் முப்பது வரிகளுக்கு நடுவே கண் தொலைந்துபோகும்.

குறைகளையும் எழுத வேண்டும். ஒளிவருடலின் தரம் ஒரே சீராக இல்லை. சில பிரதிகளில் ஓரத்துச் சுரங்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன. சிலவற்றில் கறுப்பு மிகுந்து புள்ளிக்கும் அழுக்குக்கும் வேறுபாடு தெரிவதில்லை. புள்ளி என்பது ஒரு சுரத்தின் நீளத்தை ஒன்றரை மடங்காக்கும் குறி என்பதால் இதைச் சிறு குறையாகக் கருத என்னால் முடியவில்லை. பயனர்கள் தரும் நட்சத்திர மதிப்பெண்களையும் நான் பெரிதாக நம்புவதில்லை. ஒளிவருடலின் தெளிவுக்காகத் தரப்பட்டதா, பதிப்பின் நம்பகத்துக்காகத் தரப்பட்டதா என்பதை அவற்றிலிருந்து அறிய இயலாது. பிரதிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்து இன்றைய அறிஞர்கள் உருவாக்கும் ஆய்வுப் பதிப்புகளில் பெரும்பாலானவை உரிமைக்காலத்துக்குள் இருப்பதால் இங்கே கிடைப்பதில்லை. மேடையில் வாசிக்கப்போகிறவர் அவற்றை விலைகொடுத்து வாங்கத்தான் வேண்டும். அப்படி வாங்குவது அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும்.

இருபதாம் நூற்றாண்டு இசையைப் பேசுபவர்களுக்கு இந்த அலமாரி பாதிதான் நிரம்பியது. நூலகம் சார்ந்திருக்கும் கனடாவில் உரிமைக்காலம் படைப்பாளி இறந்த பின் 50 ஆண்டுகளாக இருந்து, 2022 இறுதியில் 70 ஆக நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே பொதுவுடைமையானவை அப்படியே விடப்பட்டன. இதனால் 1971இல் மறைந்த ஸ்ட்ராவின்ஸ்கி அங்கே கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டார். 1975இல் மறைந்த ஷோஸ்டகோவிச் வெளியே நிற்கிறார். அவருடைய நால்வாத்தியப் படைப்புகளைப் பற்றி நாங்கள் எவ்வளவோ பேசுகிறோம். எல்லாம் காதை நம்பித்தான். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதால், ஒரு கோப்பு எங்கே பொதுவுடைமை, எங்கே இல்லை என்ற குறிப்பு பக்கத்திலேயே தரப்பட்டிருக்கிறது. அதைப் படித்துத் தன் நாட்டுச் சட்டத்தை மீறாமல் நடந்துகொள்வது பயன்படுத்துபவரின் பொறுப்பு.

இந்த வாரம் எங்கள் பேச்சு மீண்டும் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனிக்கே வந்திருக்கிறது. தன் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் உரிய வேகத்தை மெட்ரோனோம் என்ற தாளக் கருவிக்கான எண்களாக அவர் 1817இல் வெளியிட்டார். ஐந்தாவதின் முதல் பகுதிக்கு அவர் தந்தது, ஒரு பாருக்கு ஒரு தட்டு என்ற கணக்கில், நிமிடத்துக்கு 108 தட்டுகள். அந்த வேகத்தில் வாசிக்க முடியுமா என்ற பழைய வழக்கை நண்பர் ஒருவர் மீண்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஸ்கோரின் முதல் பக்கம் திறந்திருக்கிறது. ஒருவர் மெட்ரோனோமை முடுக்கிவிட்டிருக்கிறார். முதல் நான்கு சுரங்களுக்குப் பின் வரும் நிறுத்தக்குறியை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதிலேயே நாங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.